விறைத்த சப்பாத்தியும் நாலரை மணிப் பசியும்

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது டார்ட்டில்லா (சப்பாத்தி மாதிரியான மெக்சிகோ ரொட்டி) நான்கு பாக்கெட் கொண்டு வந்தாராம். ஒன்றைப் பிரித்து இரண்டு நாள் சிக்கன் ரோல் போட்டாயிற்று. மீதி ஆறேழு ஃப்ரிட்ஜில் அட்டை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. அது போக, மாமிக்குச் சுகர் என்பதால் ராத்திரி சப்பாத்தி சுடுகிறார்கள், அதிலும் தினம் நாலைந்து மிஞ்சுகிறது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஐந்து மணிக்கு ஓதப் போக வேண்டும். நடுவில் கிடைக்கிற இருபது நிமிடத்தில் இந்த மீதியை வைத்து ஏதாவது செய்து கொடுத்து, கடைப் பாக்கெட் சிப்ஸை நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். நான் மண்டபம் ஊரில் வீட்டிலிருந்தபடியே ராத்திரி டிபன் கட்டிக் கொடுக்கிறேன், பதினெட்டு வருடம் ஆகிறது. நூறு சப்பாத்திக்குக் குறைந்து சுட்ட நாள் இல்லை, பத்துப் பதினைந்து மிஞ்சாத நாளும் இல்லை. நம் கடற்கரையில் கோதுமை மாவு பரம்பரைச் சாப்பாடு கிடையாது. சோறு, இடியாப்பம், ஆப்பம், அப்புறம் மைதா புரோட்டா, இவ்வளவுதான். சப்பாத்தி நம் வீட்டுக்குள் வந்தது டாக்டர் சீட்டோடு. பெரியவர்கள் மருந்து மாதிரி இரண்டு தின்றுவிட்டு எழுந்துவிடுவார்கள், பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். மிஞ்சாமல் என்ன செய்யும்?

முதலில் ஒரு விஷயம். என்ன செய்வது என்று பிள்ளையிடம் கேட்பதற்கு முன்னால் சப்பாத்தியைக் கையில் எடுத்து மடித்துப் பாருங்கள். ஒடியாமல் மடிந்தால் அன்றைக்குச் சுருளோ மடிப்போ செய்யலாம். மடிக்கிற இடத்தில் வெடிப்பு விட்டால் வெட்டி மொறுமொறுப்பாக்க வேண்டியது. எடுத்த உடனே டப்பென்று ஒடிந்தால் கொத்து, இல்லையென்றால் உருண்டை. பெரும்பாலும் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளை ரோல் கேட்டது என்று மூன்று நாள் சப்பாத்தியைச் சுருட்டப் போய், அது உடைந்து, உள்ளே வைத்தது சட்டையில் கொட்டி, கடைசியில் திட்டு வாங்குவது பிள்ளை.

சப்பாத்தி ஏன் விறைக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காய்ந்துபோவதால் விறைக்கிறது என்று நினைக்கிறோம். அது ஒரு பங்குதான். மாவிலுள்ள ஸ்டார்ச், சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பி இளகி நிற்கும். ஆற ஆற அது மறுபடி வரிசை கட்டி இறுகும், குடித்த தண்ணீரையும் மெல்ல வெளியே தள்ளும். பழைய சோறு பருக்கை பருக்கையாக விறைக்கிறதே, அதே கதைதான். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் குளிரில். கெட்டுப்போகாமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைக்கிறோம், அது கெடாமல் இருக்கிறது, ஆனால் வெளியே வைத்ததைவிட வேகமாக அட்டையாகிவிடுகிறது. ஃப்ரீசரில் இந்த இறுக்கம் அனேகமாக நின்றுவிடும். அதனால் இரண்டு நாளுக்கு மேல் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஃப்ரீசர்தான்.

நல்ல விஷயம், சூடு பட்டால் இறுகியது மறுபடி இளகும். சுமார் 60 டிகிரிக்கு மேல் போனால் போதும். கையைத் தண்ணீரில் நனைத்து இரண்டு பக்கமும் லேசாகத் தடவி, காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்குப் பதினைந்து இருபது விநாடி போட்டு எடுத்து, உடனே ஒரு துணியில் சுற்றி இரண்டு நிமிடம் வைத்துவிடுங்கள். நாலைந்து சேர்ந்து இருந்தால் துணியில் சுற்றி இட்லிச் சட்டி ஆவியில் ஒரே ஒரு நிமிடம் வைக்கலாம். அதற்கு மேல் போனால் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்படி இளக்கியது, ஆறினால் முன்னைவிடச் சீக்கிரம் விறைக்கும். அதனால் பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போது கல்லைப் பற்ற வைத்தால் போதும், முன்கூட்டிச் சூடாக்கி வைப்பதில் பயனில்லை.

இனி மடிகிற சப்பாத்திக்கு வருவோம். அதில் நான் அதிகம் செய்வது முட்டை ஒட்டிய சப்பாத்தி. ஒரு சப்பாத்திக்கு ஒரு முட்டை. சின்ன வெங்காயம் இரண்டு பொடியாக, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். கல்லில் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, நடுத்தர தீயில் முட்டையை ஊற்றிச் சப்பாத்தி அளவுக்குப் பரப்புங்கள். அடிப்பக்கம் பிடித்து மேல்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு, பத்து விநாடிக்குள் வந்துவிடும். அப்போது சப்பாத்தியை அதன் மேல் வைத்து உள்ளங்கையால் இல்லாவிட்டால் தோசைத் திருப்பியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்துங்கள். அந்த ஈரம்தான் பசை. கொஞ்சம் தாமதித்தால் முட்டை தனி, சப்பாத்தி தனி என்று கழன்றுகொள்ளும். சீறுகிற சத்தம் அடங்கியதும் திருப்பிப் போட்டு இன்னும் முக்கால் நிமிடம், சப்பாத்திப் பக்கம் பொன்னிறப் புள்ளி விழும். முட்டையில் ஈரம் இல்லாமல் வெந்திருக்க வேண்டும், சின்னவனுக்குக் கொடுப்பதால் இதில் சமரசம் வேண்டாம். சுருட்டிக் கத்தரியால் விரல் அகலத்துக்கு வெட்டிக் கொடுங்கள்.

கத்தரி என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. சப்பாத்தி வெட்டக் கத்தியைத் தேடாதீர்கள். சமையலுக்கென்று தனியாக ஒரு கத்தரிக்கோல் வாங்கி வைத்துக்கொண்டால் இந்த வேலை முழுவதையும் உங்கள் மகளே செய்துவிடுவாள். தான் வெட்டியது என்றால் பிள்ளைகள் மறு பேச்சில்லாமல் சாப்பிடும் என்பதை என் பேத்தியிடம் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மடிப்பு. மெக்சிகோவில் டார்ட்டில்லாவுக்குள் சீஸை வைத்து மடித்துக் கல்லில் வாட்டுவார்கள், அதற்குக் கேசடியா என்று பெயர். அரை வட்டமாக வருவதால் எங்கள் வீட்டில் இதற்குப் பிறை என்று பேர் விழுந்துவிட்டது. பாதி வட்டத்தில் மட்டும் துருவிய சீஸ் இரண்டு ஸ்பூன், அதன் மேல் ஏதாவது ஒரு மசியல், அப்புறம் இன்னும் கொஞ்சம் சீஸ். மேலும் கீழும் சீஸ் இருந்தால்தான் மசியல் வழுக்கி வெளியே வராது. மடித்து, சின்னத் தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். தீ பெரிதாக இருந்தால் வெளியே கருகும், உள்ளே சீஸ் அப்படியே கிடக்கும். உங்கள் ஊரில் வளைகுடாவிலிருந்து வருகிற தகர டப்பாச் சீஸ் இல்லாத வீடு குறைவு. அது நூல் நூலாக இழுபடும் என்று எதிர்பார்க்காதீர்கள், மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். பொடியாகத் துருவினால் நன்றாக இளகும். அதிலேயே உப்பு இருக்கிறது, மசியலில் உப்பைக் குறையுங்கள்.

மசியலுக்குத் தனியாக ஒன்றும் சமைக்க வேண்டாம். மெக்சிகோவில் பீன்ஸ் பயறை வேக வைத்து மசித்து வைப்பார்கள். நமக்கு முந்தின நாள் பட்டாணிச் சுண்டலோ தட்டைப்பயறுச் சுண்டலோ இருந்தால் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கினால் அதேதான். உருளைக்கிழங்குப் பொரியல் ஆகும். மத்தியானம் பொரித்த மீன் ஒரு துண்டு ஆகும். சூரையோ பாறையோ இருந்தால் முள்ளை எடுத்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் புட்டு மாதிரி வதக்கி வைத்தால் என் பேரன் இரண்டு பிறை தின்பான். சுறாப்புட்டு இதைவிட ருசிதான், முள் பயமும் கிடையாது. ஆனால் சுறா மாதிரி பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுக்காமல் இருப்பது நல்லது. மீனை உதிர்க்கும்போது கரண்டியை நம்பாதீர்கள். விரல் நுனியால் தடவிப் பார்த்தால்தான் முள் தட்டுப்படும். மீனும் முட்டையும் வைத்ததை உடனே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், நம் ஊர் வெக்கையில் மறுநாளுக்கு மிச்சம் வைக்கிற பேச்சே கூடாது.

இனிப்புச் சுருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை. கருப்பட்டியைத் தட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி (சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மண்ணும் தும்பும் இருக்கத்தான் செய்யும்), அதில் தேங்காய்த் துருவலைப் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறி, எள்ளும் ஏலக்காயும் சேர்த்தால் ஒரு டப்பா பூரணம். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். சப்பாத்தியில் ஒரு ஸ்பூன் தடவிச் சுருட்டினால் ஒரு நிமிட வேலை. நான்கு சப்பாத்திக்கு அரை மூடித் தேங்காய், கைப்பிடிக் கருப்பட்டி கணக்கு.

இப்போது வெடிப்பு விடுகிற ரகம். தங்கச்சி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் டார்ட்டில்லா அனேகமாக இந்த ரகம்தான். இதை எப்படியாவது மெத்தென்று ஆக்கப் பார்ப்பதைவிட, விறைப்பையே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதில் ஈரம் ஏற்கனவே குறைந்திருப்பதால் புதியதைவிடச் சீக்கிரம் மொறுமொறுப்பாகும், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். மெக்சிகோவில் சிப்ஸுக்குப் பழைய டார்ட்டில்லாவைத்தான் எடுப்பார்கள்.

நாச்சோஸ் என்று இப்போது சினிமா தியேட்டரில் விற்கிறார்களே, அது பிறந்த கதையும் நம் நாலரை மணிக் கதைதான். 1940களின் தொடக்கத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டிய பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மெக்சிகோ ஊரில், ஒரு ஓட்டலுக்குச் சில அமெரிக்கப் பெண்கள் வந்திருக்கிறார்கள். சமையல்காரர் இல்லாத நேரம். அங்கே வேலை பார்த்த இக்னாசியோ அனாயா என்பவர் இருந்த டார்ட்டில்லாவை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, சீஸும் ஊறிய மிளகாயும் போட்டு வாட்டிக் கொடுத்தார். இக்னாசியோவுக்குச் செல்லப் பெயர் நாச்சோ. அதுவே பண்டத்தின் பெயராகிவிட்டது.

நாமும் அதே முக்கோணம்தான். ஒன்றை எட்டாக வெட்டுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது வியர்த்திருக்கும், துணியால் ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் தெறிக்கும். நான்கு சப்பாத்தித் துண்டுகளுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும், பாத்திரத்தில் போட்டுக் கையால் பிசிறி, தோசைக்கல்லில் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, சின்னத் தீயில் ஆறேழு நிமிடம் திருப்பித் திருப்பி விடுங்கள். இங்கேதான் எல்லோரும் கருக்குகிறார்கள். கல்லில் இருக்கும்போது தொட்டுப் பார்த்தால் இன்னும் வளைகிறதே என்று தோன்றும், இன்னும் இரண்டு நிமிடம் விடுவோம் என்று விட்டால் கசந்துவிடும். சூட்டில் அது வளையத்தான் செய்யும். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு ஏறும். ஓரம் பொன்னிறமானதும் தைரியமாக எடுத்து, தட்டில் குவிக்காமல் பரப்பி வைத்து மூன்று நிமிடம் விடுங்கள். குவித்தால் தன் ஆவியிலேயே நமத்துவிடும்.

பொரிப்பதாக இருந்தால், ஒரு துண்டைப் போட்டால் உடனே மேலே எழும்பி வருகிற சூடு, முப்பது நாற்பது விநாடி. ஏர் ஃப்ரையர் இருந்தால் 180 டிகிரியில் நாலைந்து நிமிடம். துண்டுகள் எடையே இல்லாதவை, உள்ளே விசிறிக் காற்றில் பறந்து மேலே உள்ள கம்பியில் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பி வலைத் தட்டை வைத்துவிடுங்கள்.

டார்ட்டில்லாவும் நம் சப்பாத்தியும் இதில் ஒரே மாதிரி வராது. கோதுமை டார்ட்டில்லா மாவில் கொழுப்பு கலந்திருக்கும், பாக்கெட்டில் வருவதில் பேக்கிங் பவுடரும் இருக்கும், அதனால் பொரபொரவென்று உதிரும். எண்ணெய் சேர்க்காமல் சுட்ட சப்பாத்தி மொறுமொறுப்பாவதற்குப் பதிலாகக் கடக் கடக் என்று பல்லைச் சோதிக்கும். சப்பாத்திக்கு எண்ணெய் கொஞ்சம் தாராளமாகப் பிசிறி, முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிட்டால் சரியாக வரும். அப்படியும் நான்கு வயதுப் பையனுக்கு முக்கோணம் கொடுக்காதீர்கள், முனை ஈறில் குத்தும். அவனுக்கு ஒல்லியான நாடாவாக வெட்டி, தயிரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துக் கொடுங்கள். முழு நிலக்கடலை, பொரித்த பட்டாணி மாதிரியானவற்றையும் அவன் தட்டில் போட வேண்டாம், தொண்டையில் சிக்கும் வயது.

மேலே தூவுவதற்கு, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய் இருக்கும்போது கடை மசாலா எதற்கு? பிள்ளைகளுக்குக் காரம் கூடாது, வாசனையும் நிறமும் மட்டும் வேண்டும். இரண்டு ஸ்பூன் எண்ணெயைச் சின்னத் தீயில் வைத்து, விதை உதறிய முண்டு மிளகாய் ஒன்றைப் போட்டு, எண்ணெய் சிவந்ததும் மிளகாயை எடுத்துவிடுங்கள். துண்டுகளைப் பிசிறுவதற்கு இந்த எண்ணெய்தான். மேலே உப்பும் வறுத்துப் பொடித்த சீரகமும். இதைச் சுண்டல் அள்ளும் கரண்டியாகப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால், சுண்டல் வேண்டாம் என்கிற பிள்ளையும் கரண்டி தீர்கிற வரைக்கும் அள்ளும். தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிரில் புதினா அரைத்துக் கலந்தால் போதும்.

இந்தச் சிப்ஸைச் செய்து டப்பாவில் அடைத்து ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் கடற்கரையில் குடியிருப்பவர்களாக இருக்க மாட்டார்கள். நம் உப்புக் காற்றில் மூடியை நான்கு தடவை திறந்தால் மறுநாளே நமத்துவிடும். நமத்ததைத் தோசைக்கல்லில் மூன்று நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும், அது வேறு. ஒரு ஐப்பசி அடைமழையில் பேரன் பள்ளிச் சுற்றுலாவுக்கென்று பெரிய சம்புடம் நிறையச் செய்து, ஆறுவதற்குள் அவசரப்பட்டு மூடிவிட்டேன். நான்காம் நாள் திறந்தால் மேலே இருந்த ஆறு துண்டில் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. அடியில் இருந்தது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மனசு வராமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மொத்தத்தையும் கொட்டினேன். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. சப்பாத்தியோ டார்ட்டில்லாவோ, ஒரு புள்ளி தெரிந்தாலும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுகிற பழக்கம் வேண்டாம்.

பாக்கெட்டில் மஞ்சளாக, உள்ளங்கை அளவில், மக்காச்சோளப் படம் போட்டிருந்தால் அது வேறு சாதி. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது அதில்தான். முதல் தடவை ஒரு பாக்கெட் கிடைத்தபோது, கோதுமை மாதிரிதானே என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகப் பூரணம் வைத்துச் சுருட்டினேன். பத்தும் உடைந்தது. பேரன் தட்டைப் பார்த்துவிட்டு, "பாட்டி, அப்பளமா?" என்று கேட்டான். கோதுமையை இழுத்துப் பிடித்திருக்கிற பசை மக்காச்சோளத்தில் கிடையாது. கல்லில் அரை நிமிடம் சூடாக்கி, சூடு இருக்கும்போதே மடிக்க வேண்டும்.

பசை இல்லாத மாவு எப்படி ரொட்டியாக நிற்கிறது? சுண்ணாம்புதான். நம் ஊரில் பனையேறிகள் பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து, ராத்திரி ஊறவிட்டு, தோல் கழன்றதும் அலசி அரைப்பார்கள். சுண்ணாம்பு பட்டால் மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய விஷயம், மக்காச்சோளத்தில் பூட்டிக் கிடக்கிற நயாசின் என்ற சத்து அதில்தான் உடம்பில் ஒட்டுகிற மாதிரி விடுபடுகிறது. இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வெறும் மக்காச்சோளத்தையே தின்று பிழைத்த ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற சத்துக்குறைவு நோய் வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நம் வீட்டு மக்காச்சோள மாவில் தட்டினால் ரொட்டி வெடித்து வெடித்துப் போவதற்குக் காரணமும் சுண்ணாம்பு படாததுதான். சிப்ஸுக்கு மட்டும் மக்காச்சோள டார்ட்டில்லாவை அடிக்க ஆள் கிடையாது.

டப்பென்று ஒடிகிற ரகத்துக்குக் கொத்துதான் முதல் வழி. புரோட்டா கொத்துகிற ஊருக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது? சப்பாத்தி புரோட்டாவைவிட வறண்டது, அதை மட்டும் மனதில் வையுங்கள். நாடாவாக ஒடித்து, அரைக் கரண்டி சால்னாவையோ குழம்பையோ தெளித்துப் பிசிறி ஐந்து நிமிடம் ஊறவிட்ட பிறகுதான் கல்லுக்குப் போக வேண்டும். வெங்காயம், தக்காளி வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி, அப்புறம் சப்பாத்தி. ஊற வைக்காமல் போட்டுவிட்டு வறட்சியைச் சரிக்கட்ட எண்ணெய் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. மெக்சிகோவிலும் இதற்கு ஒரு அண்ணன் தம்பி உண்டு. பழைய டார்ட்டில்லாவை வெட்டிப் பொரித்து, தக்காளி மிளகாய்ச் சாற்றில் புரட்டி எடுத்து, காலைச் சாப்பாடாகச் சாப்பிடுவார்கள். சிலாகிலேஸ் என்பார்கள். குழம்பு மிஞ்சுவதும் ரொட்டி மிஞ்சுவதும் எல்லா ஊரிலும் ஒரே நாளில்தான் நடக்கும் போலிருக்கிறது.

இரண்டாவது வழி உருண்டை. உருது பேசும் வீடுகளில் ரொட்டியை நெய்யும் சர்க்கரையும் விட்டுப் பிசைந்து மலீதா செய்வார்கள், அதன் சுருக்கு வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சப்பாத்தி நான்கு. ஈரம் தெரிந்தால் கல்லில் இரண்டு நிமிடம் வாட்டி ஆற வையுங்கள், ஆறாமல் மிக்ஸியில் போட்டால் களியாகிவிடும். விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குப் பொடித்து, பொடித்த கருப்பட்டி மூன்று ஸ்பூன், பொட்டுக்கடலை மாவு இரண்டு ஸ்பூன், ஏலக்காய் சேர்த்து, உருக்கிய நெய் ஒன்றரை ஸ்பூன் சூடாக ஊற்றிப் பிசறினால் பத்து உருண்டை பிடிக்கலாம். பிடிக்க வராவிட்டால் நெய்யைக் கூட்டாமல் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் தெளியுங்கள். பால் தெளித்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், தெளிக்காதது இரண்டு நாள் தாங்கும். பள்ளிக்கூட டப்பாவுக்கு நான் கொடுத்து விடுவது இந்த உருண்டையைத்தான். மத்தியானம்வரை பைக்குள் வெக்கையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, முட்டைச் சுருளுக்கும் மீனுக்கும் அந்தத் தெம்பு இல்லை.

இருபது நிமிடக் கணக்கு இதுதான்: வெட்டுகிற வேலை முந்தின ராத்திரி, பாத்திரம் கழுவும்போதே முடிந்துவிட வேண்டும். பூரணமும் மிளகாய் எண்ணெயும் வெள்ளிக்கிழமை செய்து வைத்தால் ஞாயிறுவரை ஓடும். மற்றதெல்லாம் பிள்ளைகள் முகம் கழுவி உடுப்பு மாற்றும் நேரத்துக்குள் அடங்கும். பிரிக்காத மூன்று பாக்கெட்டின் தேதியைப் பாருங்கள். பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே பிரித்து, இரண்டிரண்டுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, காற்றில்லாமல் பையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். ஒரு மாதம் தாராளமாக இருக்கும். வேண்டிய இரண்டை மட்டும் கழற்றி எடுத்து, உருக வைக்காமல் அப்படியே கல்லில் போடலாம். மொத்தமாக ஒட்ட வைத்து உறைய விட்டால் பிரிக்கும்போது பாதி கிழியும்.

ராத்திரிச் சப்பாத்தியையும் எண்ணிச் சுடப் பாருங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் பதினெட்டு வருடமாக நானே அதில் தோற்றுக்கொண்டிருக்கிறேன். அப்புறம் ஒன்று, அந்த உருண்டை டப்பாவை மாமியின் கைக்கு எட்டாத அடுக்கில் வையுங்கள். கருப்பட்டி நல்லது, சுகருக்கு ஒன்றும் செய்யாது என்று அவர்கள் சாதிப்பார்கள். செய்யும். சீனியைப் போலவே அதுவும் சுகரை ஏற்றத்தான் செய்யும். மாமிக்கு அந்தச் சீரகம் தூவிய மொறுமொறுத் துண்டு நாலைந்தை, எண்ணெயும் உப்பும் குறைத்துத் தனியாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி ஒரு சப்பாத்தி குறைத்துக்கொள்ளட்டும்.